பக்கத்து சீட்டில் அப்பா

ஃபுசாயே: பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுடா. சாயறாரு பாரு.

தெத்சுரோ: அம்மா, அப்பா சாயல. பெட்டிதான் சாயுது.

ஃபுசாயே: ரெண்டும் ஒண்ணுதானே? அஸ்தியிலயும் அவருக்கு ஒரு பக்கமா சாஞ்சு உக்கார்ற பழக்கம் போகல.

தெத்சுரோ: சரி, இறுக்கிட்டேன். தள்ளி நில்லு. சாவியத் திருகுறேன்.

ஃபுசாயே: அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திருகு.

தெத்சுரோ: அம்மா...

ஃபுசாயே: அவரு வண்டி. சொல்லு.

தெத்சுரோ: அப்பா... வண்டிய ஸ்டார்ட் பண்றேன்.

ஃபுசாயே: ம்.

தெத்சுரோ: ...சுத்துது. பிடிக்க மாட்டேங்குது. இன்னொரு தடவை... ம்ஹூம்.

ஃபுசாயே: ஆஸ்பத்திரியில அவரு இருமினது இதே மாதிரிதான் இருந்துச்சு. இழுத்து இழுத்து, கடைசியில ஒண்ணும் வராது.

தெத்சுரோ: நவம்பர்ல போர்வை போட்டு மூடின வண்டிம்மா. குளிர் காலம் முழுக்கக் கொட்டாயில கிடந்திருக்கு.

ஃபுசாயே: அவரும்தான் ஜனவரியிலேர்ந்து சும்மா கிடக்காரு. பனி உருகினாத்தானே கல்லறையத் திறக்க முடியும்? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க.

தெத்சுரோ: பேசாம டாக்ஸி கூப்பிட்டுடலாமா? பிக்கு கல்லறையில வந்து நிக்கப் போறாரு.

ஃபுசாயே: உங்கப்பா கடைசியா என்ன சொன்னாரு?

தெத்சுரோ: "கஞ்சியில உப்பு இல்ல."

ஃபுசாயே: அதுக்கு முன்னாடி!

தெத்சுரோ: "என்னைக் கல்லறைக்கு என் வண்டியிலதான் கொண்டு போகணும்."

ஃபுசாயே: அப்புறம் என்ன டாக்ஸி? முரகோஷி-சானுக்குப் போன் பண்ணிட்டேன். முப்பது வருஷமா உங்கப்பாவோட இந்த வண்டிக்கு அடியிலதானே கிடந்தாரு. இதோ, சைக்கிள் சத்தம் கேக்குது.

முரகோஷி: வந்துட்டேன், வந்துட்டேன்... கென்கிச்சி எங்க?

ஃபுசாயே: பக்கத்து சீட்டுல.

முரகோஷி: அட, ஜம்முனு உக்காந்திருக்கான். என்னடா கென்கிச்சி, உன் சிவப்பு ராணி எழுந்திரிக்க மாட்டேங்குறாளாமே?

தெத்சுரோ: மாமா, பேட்டரி நல்லா இருக்கு. நேத்து ராத்திரி வந்ததுமே சார்ஜ் போட்டேன். பழைய பெட்ரோலை இறக்கிட்டுப் புதுசு ஊத்திட்டேன்.

முரகோஷி: பேங்க்குல வேலை பாக்குற பையனுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?

தெத்சுரோ: போன்ல பாத்தேன்.

முரகோஷி: போனா! இந்த வண்டி பொறந்தப்ப போனு சுவத்துல தொங்கிட்டு இருந்துச்சு தம்பி. சரி, மூடியத் தூக்கு. மொதல்ல காத்து உள்ள போகுதான்னு பாக்கலாம். இந்த வட்டப் பெட்டியத் திற.

தெத்சுரோ: ஐயோ!

ஃபுசாயே: என்ன? என்ன?

தெத்சுரோ: எலிக்கூடு! வைக்கோலு, சூரியகாந்தி விதை... இது என்ன? துணி மாதிரி...

ஃபுசாயே: குடு இங்க. இது... இது அவரோட பழுப்பு நிறக் காலுறை!

முரகோஷி: ஒண்ணுதான் இருக்கு.

ஃபுசாயே: இன்னொண்ணு அலமாரியில இருக்கு! டிசம்பர் முழுக்க இதுக்காக என்னைப் படுத்தாத பாடு படுத்தினாரு. நான் துவைக்கும்போது தொலைச்சிட்டேனாம். நகருங்க ரெண்டு பேரும்.

தெத்சுரோ: அம்மா, எங்க போற?

ஃபுசாயே: காட்டுறேன் அவருகிட்ட. பாருங்க! நல்லாப் பாருங்க! நானா தொலைச்சேன்? ...ஒரு பதில் இல்ல பாரு.

முரகோஷி: எப்பவுமே தப்பு அவன் பக்கம்னா வாயத் திறக்க மாட்டான்.

தெத்சுரோ: கூட்டை எடுத்துட்டேன். மறுபடியும் திருகுறேன்... இல்ல. பிடிக்கல.

முரகோஷி: பிளக்கு நனைஞ்சிருக்கும். நாலையும் கழட்டிச் சட்டியில போட்டு வறு.

தெத்சுரோ: வறுக்கவா?

முரகோஷி: சூடு காட்டுடா. உங்கப்பனும் நானும் வருஷா வருஷம் அப்படித்தான் செய்வோம்.

ஃபுசாயே: அதான் ஏப்ரல் மாசத்து மீனுக்கு மட்டும் பெட்ரோல் வாடையா? கேட்டா, கடல் கெட்டுப்போச்சுன்னு சொல்வாரு!

தெத்சுரோ: கருப்புக் கோட்டுப் போட்டுக்கிட்டு அடுப்புல பிளக்கு வறுக்குறேன். ஆபீஸ்ல யாராவது பாத்தா... இரு, போன் அடிக்குது. பிக்கு. ஹலோ... ஆமாங்க ஐயா. மன்னிச்சுக்கங்க. கிளம்பிட்டே இருக்கோம்... இல்லைங்க, அப்பா ரெடியாத்தான் இருக்காரு. வண்டிதான்... குளிருதா? நான் வரும்போது சூடா ஏதாவது... சரிங்க ஐயா.

முரகோஷி: என்னவாம்?

தெத்சுரோ: கல்லறையில முழங்கால் வரைக்கும் சகதியாம். சீக்கிரம் வரச் சொல்றாரு. வறுத்த பிளக்கை மாட்டியும் பிடிக்கல. மாமா, போன்ல என்ன போட்டிருக்குன்னா, மொதல்ல தீப்பொறி வருதான்னு பாக்கணுமாம். இந்தக் கருப்பு மூடிக்குள்ள...

முரகோஷி: அதைத் தொடாத!

தெத்சுரோ: ஏன்?

முரகோஷி: அது... சின்னக் குழந்தை மாதிரி. தொட்டா அழும். மொதல்ல தள்ளிப் பாக்கலாம்.

தெத்சுரோ: தள்ளவா?

முரகோஷி: வாசல்லேர்ந்து வயல் வரைக்கும் சரிவுதானே. நீயும் நானும் தள்ளுவோம். ஃபுசாயே-சான் உள்ள உக்காந்து, நான் சொல்லும்போது கிளட்ச்சை விட்டாப் போதும்.

ஃபுசாயே: கிளட்ச்சுன்னா எது?

தெத்சுரோ: இடது கால்கிட்ட இருக்கறதும்மா. அழுத்திக்கிட்டே இரு. "விடு"ன்னு சொன்னா விட்டுடு.

ஃபுசாயே: இந்த சீட்டு இவ்வளவு தாழ்வா இருக்குமா? சாலையே தெரியல. இவரு எப்படித்தான் ஓட்டினாரோ.

முரகோஷி: தள்ளுடா தம்பி! ம்ம்... இன்னும்... வேகம் வருது... விடுங்க ஃபுசாயே-சான்!

தெத்சுரோ: விடும்மா!

ஃபுசாயே: எதை?

தெத்சுரோ: கிளட்ச்சை! இடது கால்!

ஃபுசாயே: இடது கால் மரத்துப்போச்சு!

முரகோஷி: ஐயோ, வேலி! வேலி! பிரேக்கு!

ஃபுசாயே: அது எந்தக் கால்?

தெத்சுரோ: அம்மா!

முரகோஷி: ...நின்னுடுச்சு. பனி மேட்டுக்குள்ள மெத்தையில சாஞ்ச மாதிரி நின்னுடுச்சு.

தெத்சுரோ: அம்மா, அடி பட்டுச்சா? அப்பா! அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?

ஃபுசாயே: அவருக்கென்ன, பெல்ட்டு போட்டிருக்காரு. உனக்குத்தான் மூக்கு வரைக்கும் சகதி. ஒரு செருப்பு எங்க?

தெத்சுரோ: செருப்பு இல்லம்மா, ஷூ. புதுசு. அங்க, சகதிக்குள்ள. ...மறுபடியும் பிக்கு. ஹலோ ஐயா... இல்லைங்க, கிளம்பினோம். கொஞ்ச தூரம் வந்தோம்... எவ்வளவு தூரமா? வீட்டு வேலி வரைக்கும்...

முரகோஷி: கோவப்படுறாரா?

தெத்சுரோ: பக்கத்து ஊருல இன்னொரு காரியம் இருக்காம். மதியத்துக்குள்ள வரலைன்னா அடுத்து ஆகஸ்ட்லதான் தேதி இருக்காம்.

ஃபுசாயே: ஆகஸ்ட்டுன்னா நல்லதுதானே. வெயில் இருக்கும்.

தெத்சுரோ: அம்மா! எனக்கு லீவு ஒரு நாள்தான்! ராத்திரி ரயிலைப் பிடிச்சு சப்போரோ போகணும்.

ஃபுசாயே: சரி, கத்தாத. கயிறு கட்டி மேல இழுங்க. நான் டீ போடுறேன். முரகோஷி-சான், கை கால் கழுவிட்டு வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க.

முரகோஷி: முள்ளங்கி ஊறுகாய் இருக்கா?

ஃபுசாயே: இருக்கு. நேத்து சாயங்காலம் நீங்க குடுத்ததுதானே.

முரகோஷி: ...ஆமா. ஆமா, நேத்து வந்தேன்ல.

தெத்சுரோ: வண்டிய மேல இழுத்தாச்சுல்ல, நீங்க போய்க் குடிங்க மாமா. நான் இங்கயே இருக்கேன்.

முரகோஷி: தம்பி, அங்க கைய வைக்காத. தம்பி! அந்தக் கிளிப்ப விடு...

தெத்சுரோ: திறந்துட்டேன். மாமா, இதுக்குள்ள கட்டை விரல் அளவுக்கு ஒரு துண்டு சுத்தணும். ரோட்டர். அதுதான் நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரிச்சுக் குடுக்குமாம். படத்துல இருக்கு. இங்க இல்ல.

முரகோஷி: எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.

தெத்சுரோ: மூடியத் திறந்து, எடுத்துட்டு, மறுபடி கிளிப்பு மாட்டி வச்சிட்டா?

முரகோஷி: இந்தப் பக்கத்து எலிங்க ரொம்பக் கெட்டிக்காரத்தனமானதுங்க...

ஃபுசாயே: முரகோஷி-சான். உங்க சட்டைப் பை ஏன் புடைச்சிருக்கு?

முரகோஷி: ...மூக்குக்கண்ணாடி.

ஃபுசாயே: அது மூக்கு மேல இருக்கு.

தெத்சுரோ: மாமா! காலையிலேர்ந்து பிளக்கை வறுக்கச் சொன்னீங்க! எங்கம்மாவ வேலிக்கு உருட்டி விட்டீங்க! அங்க ஒரு மனுஷன் சகதியில நின்னுக்கிட்டு... ஏன் மாமா?

முரகோஷி: கத்துடா. கத்து. உங்கப்பனும் இப்படித்தான் கத்துவான்.

தெத்சுரோ: விளையாடாதீங்க.

முரகோஷி: விளையாடல. கேளு. வருஷா வருஷம் பனி உருகினதும் இந்த வண்டிய எடுப்போம்ல? ஒரு வருஷமாவது உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கா? ஆகாது. பொழுது சாயற வரைக்கும் ஆகாது. கழட்டுவோம், மாட்டுவோம், திட்டிக்குவோம், பீர் குடிப்போம். இருட்டும்போது டபக்குனு பிடிச்சிக்கும்.

தெத்சுரோ: அதுக்கு?

முரகோஷி: நான் வர்றதுக்கு முன்னாடி அவனே இந்தத் துண்டைக் கழட்டி ஒளிச்சு வச்சிடுவான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். ஒரு நாளும் பேசிக்கிட்டதில்ல.

ஃபுசாயே: அடப்பாவிங்களா... நான் ஒவ்வொரு வருஷமும் பாவம்னு ரெண்டு பேருக்கும் ராத்திரி சாப்பாடு வரைக்கும் செஞ்சு போட்டேனே!

முரகோஷி: இந்த வருஷம் கழட்டி வைக்க ஆளில்ல, ஃபுசாயே-சான். அதான்... நேத்து ஊறுகாய் குடுக்க வந்தப்ப நானே கழட்டிக்கிட்டேன். இன்னும் ஒரு நாள் சேர்ந்து ரிப்பேர் பாத்துட்டு அனுப்பலாம்னு...

ஃபுசாயே: டீ ஆறுது. குடிங்க.

தெத்சுரோ: மாமா... குடுங்க அதை. இல்ல, வேண்டாம். நீங்களே மாட்டுங்க.

முரகோஷி: நீயும் ஒரு கை பிடிச்சுக்க. இப்படி... இந்த வெட்டு இருக்குற பக்கம் கீழ... ஆங். மூடியப் போடு. போய்த் திருகு.

தெத்சுரோ: அப்பா, ஸ்டார்ட் பண்றேன்.

முரகோஷி: கேளு! கேளுடா! என்ன சத்தம் பாரு! கென்கிச்சி, கேக்குதா?

ஃபுசாயே: புகையப் பாருங்க. எலிக் குடும்பமே ஓடியிருக்கும்.

முரகோஷி: ம், கிளம்பு தம்பி! பிக்கு காத்துக்கிட்டு இருக்காரு!

தெத்சுரோ: ...மாமா, நீங்க ஓட்டுங்க.

முரகோஷி: நானா? நீதானே பிள்ளை. நீதான் ஓட்டணும்.

தெத்சுரோ: இல்ல... வந்து... என் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான்.

ஃபுசாயே: என்ன?

தெத்சுரோ: ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். இதை ஓட்டத் தெரியாது.

ஃபுசாயே: அப்ப காலையிலேர்ந்து எதுக்குடா சாவியத் திருகிட்டு இருந்த?

தெத்சுரோ: எப்படியும் ஸ்டார்ட் ஆகாதுன்னு நினைச்சேன்! அப்பாவுக்குத் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு இருபது வருஷமா சொல்லல. இப்ப அவரை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?

முரகோஷி: காதைப் பொத்திக்கடா கென்கிச்சி.

தெத்சுரோ: மாமா, நீங்க ஏறுங்க.

முரகோஷி: என் லைசென்ஸை போன வருஷம் போலீஸ் ஸ்டேஷன்ல திருப்பிக் குடுத்துட்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போது போலீஸ்காரரோட சைக்கிள் மேல ஏத்திட்டேன். அதான் சைக்கிள்ல சுத்துறேன்.

தெத்சுரோ: அவரு சைக்கிள்லயா?

முரகோஷி: என் சைக்கிள்லடா!

தெத்சுரோ: முடிஞ்சுது. வண்டி ஓடுது, ஓட்ட ஆளில்ல. மறுபடி பிக்கு கூப்பிடுறாரு... என்ன சொல்ல?

ஃபுசாயே: இறங்குடா.

தெத்சுரோ: என்ன?

ஃபுசாயே: இறங்கு. நான் ஓட்டுறேன்.

தெத்சுரோ: அம்மா, உனக்குக் கிளட்ச்சு எதுன்னே தெரியல!

ஃபுசாயே: கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா வீட்டு நெல் லாரிய யாரு ஓட்டினான்னு நினைச்ச? எட்டு டன்னு. இது பொம்மை.

முரகோஷி: அப்ப அந்தப் பனி மேட்டுல...

ஃபுசாயே: வேலிய இடிக்காம அவ்வளவு மெதுவா நிறுத்தினேனே, யோசிக்க வேண்டாமா நீங்க? லைசென்ஸும் இருக்கு. விபத்தே இல்லாதவங்களுக்குக் குடுக்குற தங்கக் கோடு போட்டது. நாப்பது வருஷமா ஓட்டவே விடல, எங்கேர்ந்து விபத்து நடக்கும்?

தெத்சுரோ: அப்ப ஏன்மா கிளட்ச்சை விடல? கல்லறைக்குப் போக வேண்டாம்னா சொல்லியிருக்கலாம்ல!

ஃபுசாயே: அப்பவே பிடிச்சிருந்தா நீங்க ரெண்டு பேரும் ஏறி நேரா கல்லறைக்குப் போயிருப்பீங்க. போகணும்தான். ஆனா நீ போ. முரகோஷி-சான் சைக்கிள்ல பின்னாடி உக்காந்துக்க. பெட்டிய மடியில வச்சுக்க.

தெத்சுரோ: அப்பாவ சைக்கிள்லயா? அவரு வண்டி இங்க நிக்குது! அம்மா, பெல்ட்டை ஏன் கழட்டுற? உனக்கு என்ன ஆச்சு?

ஃபுசாயே: ஒண்ணும் ஆகல. அந்தப் பெட்டியில இருக்குறது நம்ம வயல் அரிசி. ரெண்டு கிலோ. பிக்கு மந்திரம் சொல்லி வைக்கட்டும், கெட்டா போயிடும்? உங்கப்பா உள்ள டிவி பக்கத்துல இருக்காரு, மெதுவாத் தூக்கிட்டு வா. இந்த சீட்டுல எப்பப் பாத்தாலும் முரகோஷி-சான்தான், ஒரு தடவைகூட என்னை ஏத்தினதில்ல... இன்னிக்கு நான் அவரை ஏத்திக்கிட்டு ருமோய் போய்க் கடலைப் பாத்துட்டு வரேன்.