ராசம்மா கேட்ட சாவி

14.06.2024, வெள்ளி. ஒரு பிழை. கதவுக்கு வெளியே கொண்டி இருந்ததாக நேற்று எழுதிவிட்டேன். இல்லை. பிரதாப்பிடம் மறுபடி கேட்டாயிற்று. எனவே முழுவதையும் திரும்ப எழுதுகிறேன்.

மாலை வகுப்பில் கரண்ட் போய், எல்லோரும் ஒரே மெழுகுவர்த்தியை நெருங்கி உட்கார்ந்தபோது பிரதாப் சொன்னது. நடந்தது அவனுடைய பெரியம்மா மகள் கிருஷாந்திக்கு.

ராத்திரி பதினொரு மணி. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு ஏறும் பாதையில் ஆள் இல்லை... மூடுபனிதான். லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில், கிருஷாந்தி தனியாகப் படுத்திருந்தாள்.

புத்தி மந்தம் என்று சின்ன வயதிலேயே அவளை ஹோமில் விட்டிருந்தார்கள். அங்கே இருட்டினால் மேட்ரன் வெளியே கொண்டி போடுவார். க்ரீச்... டக். இப்போது சொந்தக் காம்பரா. சொந்தச் சாவி, கறுப்புக் கயிற்றில், கழுத்தில். பயந்து கத்தினால் திரும்ப ஹோம்தான். அது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கேட்டது. க்ரீச்... டக். வெளியே.

பூட்டைத் திறந்து தள்ளினாள். கதவு அசையவில்லை. இடுக்கில் லைசோல் வாசம்... ஹோம் வாசம்.

ராசம்மா.

ஹோமில் பக்கத்துக் கட்டில்காரி. சேர்ந்தே வெளியே போவோம் என்றிருந்தார்கள்; கிருஷாந்தியை மட்டும் அனுப்பினார்கள். போன மாதம் பார்க்கப் போனபோது ராசம்மா முகத்தைப் பார்க்கவில்லை, சாவியையே பார்த்தாள்.

"ஒருக்கா குடு புள்ள. கழுத்துல போட்டுப் பார்த்துட்டுத் தர்றேன்."

"மாட்டேன். இது என்னோடது."

அடுத்த வாரமே ராசம்மா காய்ச்சலில் போய்விட்டாள்.

காலையில் பக்கத்துக் காம்பரா பழனியாண்டி இழுத்ததும் கதவு திறந்துகொண்டது.

"யாரு மாமா கொண்டி போட்டது?"

"வெளிய ஏது புள்ள கொண்டி?"

கிருஷாந்தி அன்றைக்கே பிரதாப்பை அட்டன் டவுனுக்கு அனுப்பி இன்னொரு சாவி வெட்டி வாங்கினாள். ராத்திரி அதை வாசல் ஆணியில் மாட்டினாள். "இது ஒனக்கு. என்னோடத கேக்காத."

"பேய்க்கு டூப்ளிகேட்டா மச்சான்?" என்றான் வகுப்பில் உட்கார்ந்திருந்த கஜேந்திரன். இரண்டு பேர் சிரித்தார்கள். பிரதாப் சிரிக்கவில்லை.

சாவி மாட்டிய ராத்திரி சத்தமே இல்லை...

விடிந்தபோது புதுச் சாவி ஆணியில் அப்படியே தொங்கியது. கிருஷாந்தி கழுத்தைத் தடவினாள். கயிறு இருந்தது. முடிச்சு அவிழவில்லை. சாவி இல்லை.

ஹோமுக்கு மட்டும் போக மாட்டேன் என்கிறாளாம்.

நாளை: பிரதாப்போடு வட்டகொடை போய் அந்தக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட வேண்டும்.