மிதி, பிடி, விடு

— பிரேக்க மிதி அக்கா. மிதிச்சு அப்படியே பிடி.

— பிடிச்சிருக்கேன். விக்கப்போற வண்டிக்கு எதுக்குடா இத்தன பாடு? நாலு மணிக்குப் பல் டாக்டர் வந்து சாவிய வாங்கிட்டுப் போயிடுவாரு.

— இப்ப விடு. அவரு ஞாயித்துக்கிழமையே பந்தய ட்ராக்குல ஓட்டப்போறேன்னு சொல்லியிருக்காரு. அதாவது, யாரு ஓட்டினாலும் பிரேக் ஆயில் புதுசா இருக்கணும். மறுபடி மிதி.

— மிதிச்சாச்சு. பட்டறைல நிக்கிற மத்த வண்டியெல்லாம் விட்டுட்டு, காலையிலேர்ந்து இதுக்கடியில கெடக்குற. புது பிரேக் பேடு, புது டயரு, பந்தயக்காரங்க போடுற பெல்ட்டு. கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ண மாட்டாங்க.

— தினமும் ரோட்டுல ஓடுற வண்டிதான் அக்கா இது. வாரம் பூரா சிக்னல்ல நிக்குது, பாப்பாவ ஸ்கூல்ல விடுது, காய்கறி ஏத்திட்டு வருது. ஞாயித்துக்கிழம மட்டும் திடீர்னு பறன்னா பறந்துடும், அதுக்கு இன்ஜின் இருக்கு. நிக்கிறதுக்குத்தான் நாம வேலை பாக்கணும். விடு.

— இதையே டாக்டர்கிட்டயும் சொல்லு. சீட்டுக்கு அடியில பாத்தியா? பாப்பாவோட கலர் பென்சில் எப்பவும் உருண்டுக்கிட்டே இருக்கும். அவரு பிரேக் போடுற நேரத்துல காலுக்கடியில வந்துடப்போகுது.

— ரெண்டு கெடைச்சுது, எடுத்துட்டேன். கால்மிதி மேட்டையும் கழட்டிட்டேன். சக்கர நட்டெல்லாம் இறுக்கம் அளக்குற ஸ்பானர் வெச்சு ரெண்டு தரம் பாத்துட்டேன். இன்னொரு தரம் மிதிச்சுப் பிடி. அக்கா... நிஜமாவே விக்கணுமா?

— முடிவு பண்ணியாச்சு.

— மாமா ஏதாவது சொன்னாரா?

— உங்க மாமா என்னைக்கு என்ன சொல்லியிருக்காரு? உன் இஷ்டம்னுட்டு பேப்பரப் பிரிச்சுக்கிட்டாரு. காரணம் நான்தான். முன்னெல்லாம் ஒரு ரவுண்டு ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துடுவேன். ட்ராக்குல இடிச்சு அடிபட்டதுக்கப்புறம் ரெண்டு தடவ போனேன், ரெண்டு தடவயும் ஏழு செகண்டு கூட. என் கால் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது.

— அது உன்னால இல்லக்கா.

— பின்ன யாரால?

— என்னால. திட்டாத. ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில ஒரு ரப்பர் கட்டைய ஒட்டி வெச்சேன். நீ எவ்வளவு அமுக்கினாலும் முக்கால்வாசிதான் இறங்கும். கட்டு பிரிச்ச கையோட மறுபடி ஓட்டுறேன்னு வந்து நின்னே, எனக்கு பயமா இருந்துச்சு. அதாவது, உன் கால்ல ஒண்ணுமில்ல. அந்த ஏழு செகண்டு ரப்பரால வந்தது. விக்காதக்கா.

— கறுப்பு ரப்பர். கட்டைவிரல் நீளம் இருக்கும்.

— உனக்குத் தெரியுமா?

— முதல் தடவ போயிட்டு வந்த மறுநாள், உள்ள தொடைக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. பிச்சுக் குப்பையில போட்டுட்டேன். ரெண்டாவது தடவ அது இல்லாமத்தான் ஓட்டினேன். அப்பவும் அதே ஏழு செகண்டு.

— என்கிட்ட ஏன் கேக்கல?

— என்னத்தக் கேக்க? எனக்கே என் கால் மேல நம்பிக்கை இல்ல, உனக்கு எப்படி இருக்கும்? பெரிய திருப்பத்துக்கு நூறு மீட்டர் போர்டு கிட்ட பிரேக் மிதிக்கணும். நான் இப்ப இருநூறு மீட்டர்லயே மிதிக்கிறேன். இன்னும் கொஞ்சம் பொறு, பொறுன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கு, கால் மிதிச்சுடுது.

— போகப்போகச் சரியாயிடும்க்கா.

— ட்ராக்கோட நின்னிருந்தா பரவாயில்லடா. ஆம்புலன்ஸ் ஓட்டுறத நான் எதுக்கு விட்டேன்னு நினைக்கிற?

— தோள்பட்டை. ஸ்டியரிங்கத் திருப்ப முடியலன்னு சொன்ன.

— தோள்பட்டை மூணு மாசத்துல ஆறிடுச்சு.

— அப்புறம்?

— திரும்ப வேலைக்குப் போன அஞ்சாம் நாள். பின்னாடி ஒரு பெரியவரு, நெஞ்சுவலி. எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க, ரோடு சும்மா திறந்து கெடக்கு. நான் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரைத் தெரு முன்னாடியே பிரேக்குல கால வெக்கிறேன். நர்ஸம்மா நடுக் கண்ணாடியத் தட்டித் தட்டி சீக்கிரம், சீக்கிரம்ங்கிறாங்க. காதுல விழுது. கால் நகரல. பதினோரு நிமிஷத்துல போற இடத்துக்குப் பத்தொன்பது நிமிஷம் ஆச்சு.

— அவரு...?

— பிழைச்சுட்டாரு. அதனால யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. மறுநாள் நானே எழுதிக் குடுத்துட்டேன், ஃபோன் எடுக்குற வேலை போதும்னு. பதினாலு வருஷம் ஓட்டினதுடா. ஒன்பது மாசமா ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு, பதறாதீங்க, வண்டி கிளம்பிடுச்சுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவ சொல்லும்போதும், நல்லவேளை நான் ஓட்டலன்னு தோணும்.

— மாமாவுக்குத் தெரியுமா இது?

— யாருக்கும் தெரியாது. இப்ப உனக்குத் தெரியும். டேய், காலு மரத்துப்போச்சு. பெடல விடவா?

— ம். விடு. அக்கா, அன்னைக்கு நடந்ததுல உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கு?

— எத்தன தடவ கேப்ப? மேட்டத் தாண்டி இறங்கினது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி விளக்குதான். நடுவுல சுத்தமா ஒண்ணுமில்ல. வேலியோரம் நின்னு பாத்தது நீதானே? கண்ணு முழிச்சதும் உன்கிட்டதான் கேட்டேன். லேட்டா மிதிச்சுட்டக்கான்னு சொன்னே.

— ஆமா. சொன்னேன்.

— அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ சொன்னத வெச்சுத்தான்.

— கொஞ்சம் வண்டிய விட்டு இறங்கி வா. இங்க கீழ படுத்துக்கிட்டு சொல்ல முடியாது.

— மூஞ்சியெல்லாம் கிரீசு. இந்தா, துணி. பதறாதடா. மெதுவா சொல்லு, கேக்குறேன்.

— இப்படிப் பேசாதக்கா. ஃபோன்ல பேசுற மாதிரி பேசாத.

— சரி. பேசல. சொல்லு.

— அதுக்கு முந்தின நாள் பிரேக் ஆயில் மாத்தச் சொன்னே.

— மாத்திட்டேன்னு சொன்னே.

— மாத்தல. அன்னைக்குப் பட்டறைல நிக்க இடமில்ல, அவ்வளவு வண்டி. ஒரு நாள்தானே, தாங்கிடும்னு விட்டுட்டேன். ரெண்டு வருஷத்து ஆயில் அது. சூடேறிக் கொதிச்சுடுச்சுன்னா பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது.

— அத யாரு சொன்னா? வண்டியப் பிரிச்சுப் பாத்தியா?

— அன்னைக்கு சாயங்காலமே. உன்ன ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் இங்க வந்து ஷட்டர மூடிட்டு, பிரிச்சுப் பாத்தேன். ஆயில் கறுத்துப்போய் கெடந்துச்சு. கீழ கொட்டிட்டேன். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கண்ணத் திறந்ததும் என்ன ஆச்சுன்னு கேட்டே. வாயில அதுதான் வந்துச்சு.

— அப்ப நான் எங்க மிதிச்சேன்?

— சரியான இடத்துல. நூறு மீட்டர் போர்டு கிட்டயே உன் பிரேக் லைட்டு எரிஞ்சுதுக்கா. சுவத்துல போய் இடிக்கிற வரைக்கும் அது அணையவே இல்ல.