மூணு கண்ணு தனுஜா

டீச்சர்: தனுஜா, இங்க வா. இந்தப் படத்துல இருக்கது யாரு?

தனுஜா: நான்தான் டீச்சர்.

டீச்சர்: நீயா? ஒனக்கு எத்தன கண்ணு?

தனுஜா: ரெண்டு...

டீச்சர்: படத்துல?

தனுஜா: ...மூணு.

டீச்சர்: மூக்குக்குக் குறுக்க ஒரு கோடு வேற போகுது!

தனுஜா: அப்பிடித்தான் தெரிஞ்சிச்சு டீச்சர். நீங்கதானே சொன்னீங்க, வீட்டுக் கண்ணாடியில தெரியுறத அப்பிடியே வரையணும், கூட்டவும் கூடாது கொறைக்கவும் கூடாதுன்னு.

டீச்சர்: சொன்னேன். அதுக்காக... ஏய், ஒங்க வீட்டுக் கண்ணாடி ஒடஞ்சிருக்கா?

தனுஜா: இல்ல! ...கொஞ்சமா.

டீச்சர்: யாரு ஒடச்சா?

தனுஜா: நான்தான். படம் வரையத்தான் ஆணியில இருந்து கழட்டுனேன்... ரெண்டா வந்திருச்சு. கீழ கூட போடல டீச்சர், சத்தியமா! வரஞ்சு முடிச்சிட்டு அப்பிடியே சேத்து மாட்டிட்டேன்.

டீச்சர்: அம்மா பாக்கலியா?

தனுஜா: அவங்க இருட்டோட பொட்டு வச்சிட்டு, தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கு ஓடிருவாங்க. கந்தப்பளை டவுன்ல ஆசையா வாங்குன கண்ணாடி டீச்சர்... தெரிஞ்சா தோல உரிச்சிருவாங்க! இன்னைக்கு எல்லா அம்மா அப்பாவும் வருவாங்கல்ல... இத மட்டும் செவத்துல ஒட்டாதீங்க, ஒங்களக் கும்புடுறேன்.

டீச்சர்: அடி போடி! கிளாசுலயே இதுதான் நல்ல படம். மத்ததெல்லாம் ஒரே முட்ட மூஞ்சி. இத ஒட்டாம...

தனுஜா: அய்யய்யோ, எங்கப்பா! மறைங்க டீச்சர், மறைங்க!

அப்பா: வணக்கம் டீச்சர். எங்க புள்ள என்னா வரஞ்சிருக்கு?

டீச்சர்: வாங்க, வாங்க. என்னா தாடையில இத்தன வெட்டு?

அப்பா: அது... சேவ் எடுக்கையில கை தவறிருச்சுங்க. எங்க, படத்தக் காட்டு... ஆத்தாடி, மூணு கண்ணா!

தனுஜா: அப்பா, வேணும்னு ஒடைக்கலப்பா... கழட்டுனேன், ரெண்டாயிருச்சு... நீங்க அம்மாகிட்ட சொல்ல வேணாம். நானே சொல்லிர்றேன். அடிச்சாலும் பரவால்ல.

அப்பா: அட, அழாத புள்ள... டீச்சர், இவ அம்மா தேயிலக் கொழுந்து நிறுத்துட்டு இங்கதான் வருவா. அதுக்குள்ள இந்தப் படத்த...

டீச்சர்: புள்ளதான் தைரியமா ஒத்துக்கிட்டாளே. இந்தக் குளிர்ல நீங்க ஏன் வேர்க்குறீங்க?

அப்பா: எப்பிடிங்க வேர்க்காம இருக்கும்... அந்தக் கண்ணாடி நீ கழட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டுதான் புள்ள! முந்தாநாளு நான்தான் கீழ போட்டேன். சோத்துப் பருக்க வச்சு ஒட்டி, ஒங்கம்மாவுக்குத் தெரியாம மாட்டி வச்சேன்!