நூத்திப் பன்னெண்டு பேரு

இல்லங்க சார், சாவடிக்கு அப்பறம் போவோம். மொதல்ல இங்கிட்டு வாங்க. இந்தக் கம்மாக்கரையோட நடந்தா சேரி கால் மைலுதான். அந்தப் பெட்டியை எங்கிட்டக் குடுங்க. அட குடுங்க சார், பஞ்சாயத்து பிரசிடெண்டு பெட்டி தூக்கக்கூடாதுன்னு சர்க்காரு எங்கயும் எழுதி வச்சிருக்கா? ஆண்டியப்பன் தூக்குறான்னு நெனச்சுக்கங்க. உள்ள ஐஸு இருக்குல்ல? அப்ப சரி. பாத்து வாங்க, கரை வழுக்கும்.

தெரியுதுங்க. சாவடியில எங்க தெருவே கூடி நிக்குது. நிக்கட்டும். சிவசாமி அண்ணன் கையைக் காட்டிக் கூப்புடுறாரு, அதையும் பாத்தேன். நீங்க பாக்காத மாதிரியே வாங்க.

என்னங்க? புஸ்தகத்துலயா? ஆமா, சேரியில எல்லாருக்கும் அம்மை குத்தியாச்சுன்னுதான் போட்டிருக்கும். நூத்திப் பன்னெண்டு பேரு. ஒரு ஆளு பாக்கி இருக்காது. அதைப் பாத்துட்டுத்தான் எங்க தெருவுக்குப் புதுசா வந்தவுகளுக்கு மட்டும் குத்திட்டு வரச்சொல்லி ஒங்களை அனுப்பியிருக்காக. சொல்றேன் சார், நடந்துக்கிட்டே சொல்றேன். நின்னா எனக்குச் சொல்ல வராது.

ரெண்டு வருசம் ஆச்சு. இதே தை மாசம். நான் அப்பத்தான் எலெக்சன்ல ஜெயிச்சிருந்தேன், போட்ட மாலைகூடக் காயல. எங்க பக்கம் அம்மை குத்துறதுன்னா லேசுப்பட்ட காரியமா? மாரியாத்தா கோவிச்சுக்குவான்னு பொம்பளைக புள்ளையைத் தூக்கிக்கிட்டுச் சோளக்கொல்லைக்குள்ள ஓடிருவாக. நான் சாவடியில மொத ஆளாச் சட்டையைக் கழட்டிட்டுக் கையை நீட்டுனேன். வீடு வீடாப் போயி அக்கா, மதினின்னு கெஞ்சுனேன். கேக்காதவுகளை அதட்டுனேன். அதுல எனக்கு அம்புட்டுப் பெருமை சார்.

சேரி ஆளுகளா? அவுகளை யாரும் தேடவே வேணாம். விடியவுமே வந்துட்டாக. ராக்காயின்னு ஒரு பொம்பளை, எங்க மாட்டுக்கொட்டாயில சாணி அள்ளும். அதுக்கிட்ட மொத நாளே சொல்லியிருந்தேன், எல்லாரையும் கூட்டியான்னு. இடுப்புல ஒரு பயலு, கையில ஒரு பயலு, முன்னால செவந்தின்னு எட்டு வயசுப் பொண்ணு. சாவடிக்குத் தள்ளி ஒரு புளியமரம் இருக்கு, அதுக்கடியில வரிசையா நின்னாக. ஒக்காரக்கூட இல்ல.

ஒங்களுக்கு முன்னால இருந்த சாரு நல்ல மனுசன். வந்து நிக்கிறவுகளுக்கு மொதல்ல குத்திருவோம், மத்தவுக வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்னாரு. சிவசாமி அண்ணன் துண்டை ஒதறிட்டு எந்திரிச்சாரு. அவுகளுக்குக் குத்துன ஊசி எங்க வீட்டுப் பொம்பளைக மேல படவான்னு கேட்டாரு. நெருப்புல காட்டிட்டுத்தாங்க அடுத்த ஆளுக்குக் குத்துவோம்னாரு சாரு. நெருப்புல காட்டுனா எல்லாம் போயிருமான்னாரு அண்ணன். அப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாக.

அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் சார் ஊருக்கு ஒரு பிரசிடெண்டு வேணும். ரோட்டுக்கு மண்ணு போடுறதுக்கு எவன் இருந்தா என்ன? நான் சொன்னேன், எங்க தெரு முடியட்டும், அப்பறம் அவுகளுக்குன்னு.

எங்க தெரு எங்க முடிஞ்சுச்சு? கொல்லைக்குள்ள ஓடுனவுகளை ஒவ்வொருத்தராப் புடிச்சாரவே பொழுது சாஞ்சிருச்சு. சாரு ப்ளாஸ்கைத் தொறந்து பாத்தாரு. ஐஸெல்லாம் கரைஞ்சு தண்ணியாக் கெடக்கு. இனி இந்த மருந்து புடிக்காதுங்க, கடைசி பஸ்ஸுக்கும் நேரமாச்சுன்னாரு. சேரிப் பேரெல்லாம் எழுதி வச்ச பக்கம் அப்படியே இருக்கு. பாக்கி காட்டுனா மேல கேப்பாகளேன்னு அவருக்குப் பயம். ஜெயிச்ச மொத வருசமே முழுசா முடிச்ச பஞ்சாயத்துன்னு பேரு வாங்கணும்னு எனக்கு ஆசை. அடுத்த மாசம் வந்து குத்திக்குவோம், இப்ப எழுதிருங்கன்னேன். வரிசையா டிக் போட்டாரு. அடியில பிரசிடெண்டு கையெழுத்து இருக்கும் பாருங்க. பேனாவும் என்னுதுதான்.

அடுத்த மாசம் அவரை மாத்திட்டாக. பங்குனியில சேரிக்கு ஆத்தா வந்துட்டா. நான் ஓடுனேன் சார், ஓடலேன்னு சொல்லமாட்டேன். ஆபீஸ்ல அந்தப் புஸ்தகத்தைத்தான் பொரட்டுனாக. இவுகளுக்குத்தான் குத்தியிருக்கே, இது அம்மையா இருக்காது, வேற ஏதாச்சும் காச்சலா இருக்கும்னாக. புஸ்தகம் பொய்யின்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தாப் போதும். சொன்னா என் கையெழுத்து என்னாகும்னு யோசிச்சேன். சரிங்கன்னு கும்புட்டுட்டுத் திரும்பி வந்துட்டேன்.

பத்தொம்பது பேரு சார். ராக்காயி போச்சு. அது தூக்கிக்கிட்டு நின்ன ரெண்டு பயலுகளும் போனாக. எங்க தெருவுல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. கொழுப்பெடுத்து ஓடுனவுகளை வெரட்டிப் புடிச்சுக் காப்பாத்துனேன். சொன்ன சொல்லைக் கேட்டு நின்னவுகளைச் சாகவிட்டேன்.

இந்தாங்க, இதைப் பையில வைங்க. நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன், ஒங்க ஆபீஸ்ல குடுத்துருங்க. பதவி போனாப் போகுது. அந்தப் பக்கத்தை அடிச்சாத்தான் இவுகளுக்கு இனிமே யாராச்சும் வருவாக.

ஆமா, என் கையிலயும் குத்தணும். போன தடவை குத்துனது இருக்கட்டும், இன்னொரு தரம் குத்துனா ஒண்ணும் ஆகாதுல்ல? சேரியில எல்லாருக்கும் முடிஞ்சு கடைசி ஆளா நான் நிப்பேன். அதே ஊசி. அந்தா, சிவசாமி அண்ணன் கரையில ஏறிப் பாக்குறாரு. நல்லாப் பாக்கட்டும்.

வந்துட்டோம். கொஞ்சம் மெதுவாப் பேசுவோம் சார். அந்தா வரிசையில மொதல்ல குச்சியை ஊனிக்கிட்டு நிக்குதே, அதுதான் செவந்தி. பொழைச்சுக்கிச்சு, ரெண்டு கண்ணும் போச்சு. அம்மை வந்து போன ஒடம்பு, அதுக்குக் குத்த வேணாம், எனக்கும் தெரியும். நேத்து ஆளு விட்டுச் சொன்னதுலேருந்து, அன்னைக்கு அதைப் பெத்த ராக்காயி நிக்கச் சொன்னுச்சுன்னு அது மொத ஆளா வந்து நிக்குதாம். சும்மாவாச்சும் அது கையைத் தொட்டு விட்டுருங்க.

நானா? நான் கூப்புடமாட்டேன் சார், நீங்களே கூப்புடுங்க. அன்னைக்குப் பொழுது எறங்குனப்ப புளியமரத்துக்கிட்டப் போயி, இன்னைக்கு இல்ல, எல்லாம் வீட்டுக்குப் போங்கன்னு சொன்னது நான்தான். ராக்காயி சரிங்க சாமின்னு கும்புட்டுட்டுத் திரும்பிப் போச்சு. அந்தப் புள்ளைக்கு இப்ப எந்த மொகமும் தெரியாது, என் சத்தம் மட்டும் தெரியும். கேட்டுச்சுன்னா, இன்னைக்கும் இல்லபோலன்னு வீட்டுக்குப் போயிரும்.