முதல் மிதிக்குத் திணறும் வண்டி

விடியக்காலை அஞ்சு மணி இருக்கும். ரெண்டு பக்கமும் பூட்டுன குடோனு... நடுவுல ஒரே ஒரு ரோடு. லைட்டு கிடையாது, குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. பனி கண்ணை மறைக்குது. அந்த ரோட்டுல ஒரு ஆளு டூல்ஸ் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, தங்கச்சி வீட்டுக்கு நடந்து போறாரு.

கதவைச் சாத்திட்டு இப்படித் தள்ளி உட்காரு. பாதியில எவனும் பாத்ரூம் போறேன்னு எந்திரிக்கக் கூடாது... போனா தனியாத்தான் போகணும், சொல்லிட்டேன்.

இவர் யாருன்னா, என்கூடப் படிச்சவனோட பெரியப்பா பையன். கார் மெக்கானிக். பட்டப்பேரு செவிடன். காதெல்லாம் நல்லாத்தான் கேட்கும். ஆனா இன்ஜின் சத்தத்தைக் கேட்க ஆரம்பிச்சுட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாரு, அதனால அந்தப் பேரு. அப்பா அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. தங்கச்சியைத் தோள்ல போட்டு வளர்த்தவரு. அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலே இவருக்குத் தூக்கம் போயிடும்.

அந்தத் தங்கச்சி புருஷன் ஒரு பழைய கார் வாங்குனாரு. ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, ஓட்ட வலது கால் ஒண்ணே போதும். நல்ல வண்டிதான். என்ன ஒண்ணு... காலையில முதல் தடவை எடுக்கும்போது மட்டும் திணறும். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இன்ஜின் "ம்ம்ம்"னு முக்கும், வண்டி நகராது. ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம்... அப்புறம் போயிடும். அன்னைக்குப் பூரா அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இருக்காது.

மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வர்றதுக்குள்ள இன்ஜின் சூடாயிடும். கோளாறு மூஞ்சியையே காட்டாது. செவிடன் பிளக்கை மாத்துனாரு. பெட்ரோல் போற வழியெல்லாம் சுத்தம் பண்ணாரு. இன்ஜின் எவ்வளவு சூடா இருக்குன்னு பார்க்கிற சென்சார்... அதையும் மாத்துனாரு. ஒண்ணும் நடக்கல. "ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை"ன்னு ஷெட்டுலயே ஆறவிட்டு, விடிஞ்சதும் தானே எடுத்துப் பார்த்தாரு. வழுக்கிக்கிட்டுப் போச்சு.

சரி, இது வீட்டுல ஒரு வேஷம் நம்மகிட்ட ஒரு வேஷம் போடுது, வீட்டுக்கே போய்ப் பிடிப்போம்னுதான் அந்தப் பனியில கிளம்புனது.

தங்கச்சி வீட்டு முன்பக்கம் குறுகலா ஒரு சந்து மாதிரி. வண்டி கேட்டைப் பார்த்து நிக்கும். கேட்டு கனமான இரும்பு, சக்கரத்துல ஓடுறது, துரு ஏறிக் கிடக்கு. தினமும் தங்கச்சிதான் வண்டிக்கு முன்னாடி குறுக்கே நடந்து, ரெண்டு கையாலயும் இழுத்துத் திறப்பா. க்ர்ர்ர்...னு பல்லு கூசும்.

செவிடன் வண்டிக்குப் பின்னாடி போய்க் குத்தவச்சாரு, புகையை மோந்து பார்க்க. மாப்பிள்ளை ஸ்டார்ட் பண்ணாரு. பச்சைப் பெட்ரோல் வாடை... இருக்க வேண்டிய வாடைதான். "இப்ப மிதிங்க." இன்ஜின் முக்குச்சு. வண்டி நகரல.

பின்னாடி சுவர் பூரா செவப்பாச்சு.

பிரேக் லைட்டு.

இவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "மாப்பிள்ளை, இடது காலை பிரேக் மேல வச்சுக்கிட்டு வண்டி திணறுதுன்னா, பாவம் அது என்ன பண்ணும்?"

"சத்தியமா நான் பிரேக் பக்கமே போகல மச்சான்."

மறுநாளும் போனாரு. இடது காலை மடிச்சு சீட்டு மேல போடச் சொன்னாரு. சுவர் செவப்பாச்சு. பிரேக் லைட்டு ஸ்விட்சை மாத்துனாரு. அதுக்கு மறுநாளும் செவப்பு. கடைசியில பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, குனிஞ்சு, கீழ டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. மாப்பிள்ளையோட கால் ஆக்ஸிலேட்டர்ல இருக்கு. பக்கத்துல பிரேக் மிதி... அதுவா அமுங்கிக் கிடக்கு. அடி வரைக்கும். அப்புறம் மெதுவா... ரொம்ப மெதுவா... மேல வந்துச்சு.

இவரு டார்ச்சை அணைச்சுட்டு இறங்கிட்டாரு.

பாவி மனுஷன், அப்பவே வாயைத் திறந்திருக்கணும். வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் தங்கச்சிகிட்டப் போய் பேய்னு சொல்றதான்னு வெட்கம். அவளும் டீயைக் கொண்டு வந்து நீட்டி, "என்னண்ணா, உனக்கே தண்ணி காட்டுதா?"ன்னு கிண்டல் பண்றா.

"ஏதோ ஸ்பிரிங் ஒட்டுதும்மா. ஞாயித்துக்கிழமை பிரிச்சுப் பார்க்கிறேன்"னாரு. மாப்பிள்ளைகிட்ட, எல்லா மெக்கானிக்கும் சொல்ற அந்த வார்த்தையைச் சொன்னாரு. "அதுவரைக்கும் கொஞ்சம் அழுத்தி மிதிங்க, போயிடும்."

ஞாயித்துக்கிழமை வந்துச்சு, போச்சு. அவரு அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கல. பயம்.

மாப்பிள்ளைக்கு அழுத்தி மிதிக்கிறது பழகிப் போச்சு. எப்படியும் நின்னுதானே கிளம்பப் போகுது... கேட்டு முழுசாத் திறக்கட்டும்னு அவர் இருக்கிறதில்ல. தங்கச்சி முன்னாடி நின்னு இழுத்துக்கிட்டு இருக்கும்போதே மிதிச்சிருவாரு. வண்டி முக்கும், அவ ஒதுங்குவா, வண்டி போகும். அவளுக்கும் பழகிப் போச்சு. முக்குற சத்தம் காதுல விழுந்தாத்தான் நகருவா. ஒரு நாள்கூடத் தப்புனதில்ல. அவ்வளவு கரெக்டா பிடிச்சு நிறுத்தும்... எது பிடிச்சுச்சோ அது.

ஒரு காலையில பிடிக்கல.

வண்டி எகிறுச்சு. தங்கச்சி கேட்டைப் பிடிச்சபடி திரும்பிக்கூடப் பார்க்கல. அக்கம்பக்கத்துல கேட்டது இரும்புச் சத்தம் மட்டும்தான். மாப்பிள்ளை ரெண்டு காலாலயும் பிரேக் மேல ஏறி மிதிச்சிருக்காரு. கீழ போகல. "அடியில யாரோ கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடிச்சாங்க மச்சான்"னு ஆஸ்பத்திரி வராண்டா சுவத்துல முட்டிக்கிட்டாரு. அவர் இறங்கி ஓடி வந்த பிறகும் இன்ஜின் அடங்கல. கேட்டோட சேர்த்து அவளை நெருக்கிக்கிட்டே இருந்துச்சாம்... அவசரமே இல்லாம.

அத்தனை நாளும் அது ரெண்டு பேரையும் பழக்கியிருக்கு. அவர் காலையும், அவ காதையும்.

சாகுறதுக்கு முன்னாடி தங்கச்சிக்கு நினைவு வந்துச்சு. செவிடனைப் பார்த்து, "சத்தமே கேட்கலையேண்ணா"ன்னா. அவ்வளவுதான்.

எல்லாம் முடிஞ்சு வண்டியை ஒர்க்‌ஷாப்புல கொண்டாந்து வெட்டவெளியில போட்டாங்க. நல்ல பனி விழுந்த ஒரு காலையில, அதை நொறுக்குறதுக்குன்னே செவிடன் சம்மட்டியோட போனாரு. என்ன தோணுச்சோ... செருப்பைக் கழட்டிட்டு உள்ள உட்கார்ந்து சாவியைத் திருப்புனாரு. லேசா மிதிச்சாரு. திணறல. முக்கல. வழுக்கிக்கிட்டு ரெண்டடி போச்சு. கோளாறு சுத்தமா போயிடுச்சு.

அவரு வாய்விட்டு அழுதாரு. அழுதுக்கிட்டே, வண்டியை நிறுத்த வெறுங்காலைத் தூக்கி பிரேக் மேல வச்சாரு.

ராத்திரி பூரா பனியில கிடந்த வண்டி. ஸ்டியரிங்கைத் தொட முடியல, அவ்வளவு ஜில்லு. சீட்டு ஜில்லு. பிரேக் மிதி மட்டும்... இப்பத்தான் யாரோ காலை எடுத்த மாதிரி, கதகதப்பா இருந்துச்சாம்.