மூணு கூறு, ஒரு டப்பா

...அங்க இன்னாத்துக்குமா பாக்குற? சரோஜாகிட்ட கூட்டம் கீதுன்னா, அவ எறா இன்னா தங்கத்துலயா செஞ்சிருக்குது? அதே ஏரி, அதே தண்ணி. நானும் விடிகாலையில புடிச்சதப் போட்டுக்குற ஓலப் பறியப் பல்லுல கடிச்சிக்கினு, சேத்துல கையால தடவித் தடவிப் புடிச்சதுதான். மீசையப் பாரு, இன்னும் ஆடுது! வா, இப்பிடி நெழல்ல நில்லு. அந்த ஈரச் சாக்க மட்டும் எடுத்து கூடை மேல போடும்மா... நான் எழுந்துக்க முடியாது, முட்டி வலி.

மூணு நாளா இந்தக் கதிதாம்மா. யாரால? பெத்த பொண்ணால! வைஷ்ணவி. பத்தாவது படிக்கிறா.

சொல்றேன் கேளு. முன்னல்லாம் டப்பாலதான் மொண்டு குடுப்பேன். குட்டையா, வாய் அகலமா ஒரு தகர டப்பா. அப்புறம், டப்பா இன்னாத்துக்கு, கூறு கட்டி வெச்சா பாக்க ஷோக்கா இருக்குமேன்னு தோணிச்சி. பொடி மீனக் குமிச்சா சரிஞ்சி பூடும். எறா அப்பிடி இல்ல, மீசையோட மீசை மாட்டிக்கினு கோபுரமாட்டம் நிக்கும். அடியில டப்பா வாய் அகலம், உச்சியில டப்பா ஒசரம். ஒயுங்கா அளந்துதாம்மா வெச்சேன்! வெலையும் அதே வெல. சனங்க இன்னா சொல்லிச்சி? "எல்லம்மா கூறுதான் பெருசு"ன்னுச்சி. இந்த சரோஜாகூட என்னப் பாத்துதான் கூறு கட்ட ஆரம்பிச்சா.

அன்னிலேர்ந்து எனுக்கு கூடையில எறா தீரவே மாட்டேன்னுது. அதே கூடைதான்... வித்துக்கினே கீறேன், மீதி கீது. அம்மன் கண்ணத் தொறந்துட்டான்னு கற்பூரம்லாம் ஏத்தினேம்மா!

பொன்னேரிலேர்ந்து சீனிவாசன்னு ஒருத்தர் வருவாரு, ஞாயித்துக்கெயம தவறாம. அவரு சொல்றாரு, "இன்னா எல்லம்மா, இப்பல்லாம் கொழம்புல எறாவத் தேட வேண்டி கீதே"ன்னு. எனுக்கு சுருக்குனு பூடுச்சி. சுத்தி பத்து பேரு நிக்கிறாங்க. கம்னு இருந்திருக்கலாம். வாயி இருக்குதே, வாயி! "டப்பாவும் கூறும் ஒரே அளவுதான், எம்பொண்ணு கணக்குல புலி, அவளே சொல்வா"ன்னு நானேதாம்மா கூப்ட்டேன். அவ அந்தாண்ட குந்திக்கினு புஸ்தகம் படிச்சிக்கினு இருந்தா. அந்த நேரம் பாத்து அவ படிக்கிறதும் கூம்புக் கணக்கு!

வந்தா. பாத்தா. "வேணாம்மா"ன்னா, மெதுவா, என் காதாண்ட. நான் உட்டேனா? "சொல்லுடி, சத்தமா சொல்லு"ன்னேன். சொன்னா. "இது கூம்பும்மா. டப்பா உருளை. அடி அகலமும் ஒசரமும் ஒண்ணா இருந்தா, கூம்புல புடிக்கிறது உருளையில மூணுல ஒரு பங்குதான்"னா.

"வாயால சொன்னா ஆச்சா, கொட்டிக் காட்டுடி"ன்னேன். அதுவும் நான்தான்! ஒரு கூறக் கொட்டினா... டப்பா அடியில கெடக்குது. ரெண்டாவது கொட்டினா... பத்தல. சனங்க ஏலத்துல நிக்கிற மாரி "ஒண்ணு... ரெண்டு..."ன்னு எண்றாங்கம்மா! மூணாவது கூறு வியுந்திச்சி, டப்பா வாய் வரைக்கும் சொல்லி வெச்சாப்ல ரொம்பிச்சி. ஐயோ, எனுக்கு மூஞ்ச எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல. வெக்கம் புடுங்கித் தின்னுச்சி. ஆனா ஒண்ணு... அத்தினி பேரு முன்னாடி புள்ள பயப்படாம சொன்னா பாரு, மெய்யாலுமே உள்ளுக்குள்ள பெருமையாவும் இருந்துச்சிம்மா. வெளிய சொல்லிக்க முடியுமா இத?

சரோஜா கெட்டிக்காரி. மறுநாளே எங்கேர்ந்தோ ஒரு டப்பாவத் தூக்கியாந்து முன்னாடி வெச்சிக்கினா. அவ்ளோதான், சனம் மொத்தமும் அங்க. எனுக்கு பழகின மூஞ்சிங்க எல்லாம் என்னத் தாண்டிப் போவுது, வயிறு எரியுது.

இன்னாம்மா, நீயும் அந்தப் பக்கமா திரும்புற? வெயில் ஏறுது, ஐஸ் கரையுது, இன்னும் கொஞ்ச நேரத்துல எறா தல கறுக்க ஆரம்பிச்சிடும்... போவாதம்மா! இன்னா? டப்பாலயே மொண்டு குடுன்றியா? டப்பா எங்கயா? அது... வூட்ல... துருப் புடிச்சி...

சரி, சரி. எழுந்துக்கிறேன் இரு. கையெல்லாம் குடுக்க வேணாம், முட்டிக்கி ஒண்ணும் இல்ல. மூணு நாளா அந்த டப்பா மேலதாம்மா குந்தினு கீறேன்.