உப்புப் பூத்த ஜாடி

"கடைசியில ஜாடிய நக்கித்தான் அவன நம்புனோம்" என்று முன்னால் நின்றவர் சொன்னதும், விருத்தாசலம் ஸ்டேஷன் டிக்கெட் வரிசையில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவரும் பக்கத்திலிருந்தவரும் பீங்கான் வேலைக்காரர்கள். சட்டையெல்லாம் வெள்ளைக் களிமண்.

"எதுக்குய்யா நக்குனீங்க?"

"மாசம் ஒரு ஞாயித்துக்கெழம நாங்க நாலு பேரு சைக்கிள்ள கடலூரு போயிட்டு வரோம்ல. கடல் வரைக்கும் போனதுக்கு அத்தாட்சி, ஆளுக்கு ஒரு ஜாடி கடல்தண்ணி. இந்தத் தடவ மாணிக்கம் ரொம்பப் பின்தங்கிட்டான். பொழுது சாயத்தான் ஊரு வந்து சேந்தான். ஜாடி காலி."

"பாதியிலயே திரும்பியிருப்பான்."

"அப்படித்தான் நானும் கத்துனேன். இனிமே எங்களோட வராதன்னுட்டேன். அப்புறம் ஜாடியத் திருப்பிப் பாத்தா, அவசரத்துல, வழவழன்னு மெருகு போடாததத் தூக்கிட்டுப் போயிருக்கான். தண்ணி பூரா கசிஞ்சி, வெளிப்பக்கம் வெள்ளையா பூத்திருக்குது. களிமண்ணா உப்பான்னு மூணு பேரும் நக்கிப் பாத்தோம். உப்புய்யா. கடல் உப்பு."

"அடுத்த மாசம் என்னையும் சேத்துக்க."

"வா. ஜாடி வழவழன்னு இருக்குதான்னு மட்டும் தடவிப் பாத்து எடு. உன்னுதயும் நக்க என்னால ஆவாது."